ஆர்15 சாதாரணமா, எம்-ஆ: பெயரை விட்டுச் சில்லைப் பாருங்கள்

கோண்டாவிலிலிருந்து தினமும் டவுனுக்கு வேலைக்கு, மாதத்தில் ஒரு தடவை கொழும்புக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைப் பக்கம். இந்த ஓட்டத்துக்கு யமஹா ஆர்15 மோட்டார் சைக்கிளின் நான்காம் பதிப்பில் சாதாரணத்தை எடுப்பதா, ஏறக்குறைய இரண்டு இலட்சம் கூடக் கொடுத்து எம் என்ற வகையை எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். லீசிங்கில்தான் எடுக்கப்போகிறேன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அந்த இரண்டு இலட்சத்துக்கு ஓட்டத்திலோ பிறேக்கிலோ பாதுகாப்பிலோ ஏதாவது கிடைக்கிறதா, அல்லது நிறத்துக்கும் பெயருக்கும் காசு கொடுக்கிறோமா?

வண்டி எந்த நாட்டில் செய்தது என்பதைப் பொறுத்துப் பதில் நேர்மாறாகிவிடும். இந்தியத் தயாரிப்பு என்றால் எம்-க்கு இரண்டு இலட்சம் கூடக் கொடுக்காதீர்கள். இந்தோனேசியத் தயாரிப்பு என்றால் சாதாரணத்தை எடுக்கவே வேண்டாம், எம் எடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கவனிக்காமல் கையெழுத்து வைப்பவர்கள்தான் அதிகம்.

இந்திய நான்காம் பதிப்பு 2021இல் வந்தது. சாதாரணத்தின் சிவப்பு, ரேசிங் புளூ நிறங்கள், எம் எல்லாவற்றிலும் ஒரே 155 சிசி எஞ்சின்தான்: 10,000 சுற்றில் 18.4 குதிரைவலு, 7,500 சுற்றில் 14.2 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. உள்ளெடுக்கும் வால்வின் கேமை மாற்றும் விவிஏ, ஆறு கியர், கியர் இறக்கும்போது பின் சில்லு குதிக்காமல் காக்கும் ஸ்லிப்பர் கிளச், தலைகீழ் முன் போர்க், பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டுப்படாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டு சில்லுக்கும், பின் சில்லு சுழன்று வழுக்காமல் காக்கும் ட்ராக்ஷன் கொன்ட்ரோல் எல்லாம் மூன்றுக்கும் பொது. முன் டிஸ்க் 282 மி.மீ., பின் டிஸ்க் 220 மி.மீ., ரயர் முன்னுக்கு 100/80, பின்னுக்கு 140/70 ரேடியல், இதிலும் வேறுபாடு இல்லை. எம்-இல் கூட வருவது வெள்ளி நிறம், பொன்னிறப் பூச்சுப் பூசிய பிறேக் கலிப்பர், வேறு சீற் உறை, பெயர். 2023 முதல் எம்-க்குக் கலர் டிஎஃப்டி திரை மீற்றரும் கொடுத்தார்கள். கிளச் பிடிக்காமல் கியரைக் கூட்ட உதவும் குயிக் ஷிஃப்டர் எம்-இல் உண்டு, ஆனால் ரேசிங் புளூவிலும் தொடக்கத்திலிருந்தே உண்டு. அறிமுகமானபோது சிவப்பில் அது இல்லை. பொன்னிறக் கலிப்பரைப் பார்த்து “பிறேக் வேற” என்று சிலர் சொல்வார்கள். பூச்சு மட்டும்தான் வேறு, உள்ளே இருக்கும் பிஸ்டனும் பாட்டும் (அந்தத் தேயும் கட்டைகளைத்தான் சொல்கிறேன்) ஒன்றே.

இந்தோனேசிய வண்டியில் கதை வேறு. அங்கே இதே தலைமுறையின் சாதாரணத்துக்கு ஏபிஎஸ் கிடையாது, ட்ராக்ஷன் கொன்ட்ரோலும் கிடையாது, குயிக் ஷிஃப்டரும் கிடையாது. மூன்றும் எம்-இல்தான் வரும். ஆகவே அங்கே எம் என்பது உண்மையான உயர் பதிப்பு, கூடக் கொடுக்கும் காசு நேரே சில்லுக்குப் போகிறது. பழைய மூன்றாம் பதிப்பிலும் இதே குழப்பம் இருந்தது. இந்தோனேசிய வி3 பொன்னிறத் தலைகீழ் போர்க்கோடு பார்க்கப் பெரிய வண்டி போல நிற்கும், ஏபிஎஸ் இருக்காது. இந்திய வி3 சாதாரண போர்க்கோடு வந்தாலும் 2019 தொடக்கத்திலிருந்து இரண்டு சில்லுக்கும் ஏபிஎஸ் கொண்டது. அழகுக்காக இந்தோனேசியனை எடுத்தவர்கள் நிறையப் பேர். மாரி காலத்தில் கே.கே.எஸ். வீதியில் ஓட்டோ ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பும்போது கைகொடுப்பது ஏபிஎஸ்தான்.

எந்த நாட்டு வண்டி என்று அறிய விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பத் தேவையில்லை. ஹாண்டில் கழுத்தில் அடித்திருக்கும் சேஸி இலக்கத்தின் முதல் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். எம்ஈ1 என்று தொடங்கினால் இந்திய யமஹா, எம்எச்3 என்று தொடங்கினால் இந்தோனேசிய யமஹா. பதிவுப் புத்தகத்திலும் அதே இலக்கம் இருக்க வேண்டும். ஏபிஎஸ் உண்டா என்பதை ஸ்ரிக்கரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்ரிக்கர் எந்தக் கடையிலும் வாங்கலாம். குந்தியிருந்து சில்லின் நடுப்பகுதியைப் பாருங்கள். டிஸ்குக்கு உட்பக்கமாக, சுற்றிவரச் சின்னச் சின்னத் துளைகள் வெட்டிய மெல்லிய உலோக வளையம் ஒன்று இருக்கும். அதற்கு எதிரே, வளையத்தைத் தொடாமல், விரல் நுனியளவு கறுப்புச் சென்சர் ஒன்றும் அதிலிருந்து மேலே போகும் வயரும் இருக்கும். முன் சில்லில் மட்டும் இருந்தால் முன் பிறேக்குக்கு மட்டுமான ஒற்றைச் சனல் ஏபிஎஸ், இரண்டிலும் இருந்தால் பெரும்பாலும் இரண்டு பிறேக்குக்குமான இரட்டைச் சனல். பிறகு திறப்பைப் போட்டதும் மீற்றரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், வண்டி உருண்டு கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். திறப்புப் போட்டும் எரியவே இல்லை என்றால் பழுதை மறைக்க யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். ஓடும்போதும் அணையவில்லை என்றால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை; சென்சரில் சேறு, வளையம் வளைவு, வயர் அறுப்பு என்பவை வழக்கமான காரணங்கள்.

ஏபிஎஸ் மந்திரமும் அல்ல. நம்முடைய ஒழுங்கைகளில் தார் மேல் மணல் படிந்திருக்கும் இடத்தில், அல்லது பண்ணைக்கு அப்பால் காற்று மணலை வீதிக்குக் கொண்டுவந்து போட்ட இடத்தில், ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்கும் தூரம் கூடவும் கூடும். சில்லு பூட்டுப்படாமல் காப்பதும், பிறேக் பிடித்தபடியே வண்டியை நேரே வைத்திருப்பதும்தான் அதன் வேலை. ட்ராக்ஷன் கொன்ட்ரோலைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். 18 குதிரைவலுவில் பின் சில்லு சுழன்று வழுக்குவது காய்ந்த வீதியில் அரிது. ஈரமான வெள்ளைக்கோட்டிலும் மணலிலும் எப்போதாவது உதவும். அதற்காக மட்டும் ஒரு பதிப்பைத் தெரிவு செய்யத் தேவையில்லை.

குயிக் ஷிஃப்டருக்குத்தான் உங்களுடைய மனம் இழுக்கிறது என்று கேள்வியிலேயே தெரிகிறது. அது என்ன செய்கிறது என்று விளங்கினால் முடிவு இலகு. கியர் மிதியையும் கியர்பெட்டியையும் இணைக்கும் தண்டில் அழுத்தத்தை உணரும் சுவிட்ச் ஒன்று இருக்கும். நீங்கள் மேல் கியருக்குக் காலால் தூக்கியதும் அது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குச் சொல்ல, ஈசியூ ஒரு கணம் எஞ்சினின் இழுவையைத் துண்டிக்கும். பற்கள் மேலிருந்த சுமை விடுபட்டு அடுத்த கியர் விழும். கிளச்சும் பிடிக்கத் தேவையில்லை, அக்ஸிலேட்டரும் விடத் தேவையில்லை. ஆர்15இல் இது மேலே போவதற்கு மட்டும். கீழிறங்கும்போது வழக்கம்போல் கிளச் பிடிக்க வேண்டும். அக்ஸிலேட்டர் நன்றாகத் திறந்து, சுற்று உயர்ந்திருக்கும்போதுதான் இது வெண்ணெய் போல வேலை செய்யும். விவிஏ மாறுவதே ஏறக்குறைய 7,400 சுற்றில் என்பதை நினைத்துப் பாருங்கள். வைத்தியசாலை வீதியில் மூன்றாம் கியரில் நான்காயிரம் சுற்றில் ஊர்ந்துகொண்டு குயிக் ஷிஃப்டரை அடித்தால் வண்டி உதறும், செயின் அடிபடும், பின்னால் இருப்பவரின் தலை உங்கள் ஹெல்மெற்றில் முட்டும். தினசரி ஓட்டத்தில் அது பயன்படும் இடம் மிகக் குறைவு. மாங்குளம் தாண்டிய நேர் வீதியில் பயன்படும், ஆனால் அங்கே ஒரு தடவை ஆறாம் கியருக்குப் போனால் நெடுநேரம் அதிலேயே இருப்பீர்கள்.

இருக்கும் வண்டியை எடுத்தால் அதைப் பழுதாக்காமல் வைத்திருக்கவும் தெரிய வேண்டும். காலை மிதியின் கீழ் முட்டக்கொடுத்தபடி ஓடாதீர்கள். சுவிட்ச் அரைகுறையாக அழுந்தி, கியர் விழாமலே இழுவை துண்டிக்கும். கியர் பாதி விழுந்து திரும்ப வெளியே வந்தால் பற்களின் ஓரம் உருண்டுபோகும். உறுதியாக, ஒரே தூக்காகத் தூக்குங்கள். செயின் தளர்ந்திருந்தாலும் உதறல் கூடும், அதனால் ஓட்டுநர் கையேட்டில் உள்ள அளவுக்குச் செயினை வைத்திருங்கள். இல்லாத வண்டிக்குக் கடையில் விற்கும் பொதுவான குயிக் ஷிஃப்டர் பூட்டுவதை நான் தடுப்பேன். அவை பெரும்பாலும் பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் கொயிலின் வயரை வெட்டி இடையில் சேர்ப்பவை. உப்புக்காற்று உள்ள ஊரில் வெட்டி முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு ஒரு மாரி தாண்டுவதே பெரிய விடயம். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நிற்கும், கராச்சுக்காரர் காரணம் தேடி நாட்கணக்கில் அலைவார்.

மீற்றரைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. ட்ராக் மோட், ஸ்ட்ரீட் மோட் என்று மாற்றினால் எஞ்சின் பலம் மாறும் என்று நினைக்கிறார்கள். ஆர்15இல் அது மீற்றரின் முகப்பை மாற்றுவது மட்டும்தான். கலர் மீற்றரில் வழிகாட்டல் தெரியும், தொலைபேசியை இணைத்திருந்தால். நம்முடைய வெயிலில் நாள் முழுக்க வெளியே நிற்கும் வண்டி என்றால் எந்த மீற்றருக்கும் ஒரு துணி போட்டு மூடுங்கள்.

இனிக் காசுக் கணக்கு. இரண்டு இலட்சம் வித்தியாசம் என்பது கையில் காசாகக் கொடுப்பவருக்குத்தான் இரண்டு இலட்சம். குறையும் நிலுவைக்கு ஆண்டு வட்டி 20 வீதம், தவணை 48 மாதம் என்று எடுத்தால் அந்த இரண்டு இலட்சத்துக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 6,100 ரூபா கட்டுவீர்கள். முடிவில் 2,92,000 ரூபா போயிருக்கும். உங்களுடைய லீசிங் கொம்பனியின் வீதம் வேறாக இருக்கும், அதைக் கேட்டு இதே கணக்கைப் போடுங்கள். வட்டி குறையும் நிலுவைக்கா, முழுத் தொகைக்குமா என்பதையும் கேளுங்கள், இரண்டும் வெகுதூரம் வேறு. விற்கும்போது எம் கூட விலைக்குப் போகும் என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு கூட என்பதை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபோது பழைய வண்டிகளின் விலை ஏறியதைப் பார்த்தே இன்னும் பலர் கணக்குப் போடுகிறார்கள். 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது. அந்தக் கணக்கை நம்பி வட்டி கட்டுவது என் பார்வையில் புத்தியில்லை.

அதே காசில் ஒரு பகுதியை எங்கே போட்டால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும் என்றால், முதலில் ரயர். கொம்பனி ரயர் தேய்ந்ததும் அதே அளவில் நல்ல ரேடியல் ஒன்றைப் போடுங்கள். அகலம் கூட்டி 150 போடும் ஆசை வேண்டாம். றிம்மின் அகலத்துக்கு ஒவ்வாத ரயர் நடுவில் உருண்டு, வளைவில் வண்டியைச் சோம்பலாக்கும். காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, வண்டியில் ஒட்டியிருக்கும் லேபல் அளவுக்கு வையுங்கள். ஆள் ஏற்றும்போது அதற்குரிய அளவு வேறாகக் கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். அடுத்தது முன் பிறேக் பாட், பிறேக் ஓயில். பிறேக் ஓயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரக் காற்றுள்ள கரையோர ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றாவிட்டால் பிடி பஞ்சுபோலாகும். மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்ற வேண்டும். மூன்றாவது நல்ல ஹெல்மெற், கையுறை. ஏ9இல் இரவு மாடு படுத்திருக்கும் இடங்களைத் தாண்டிப் போகிற ஒருவருக்கு இவற்றை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

நம்முடைய ஊருக்கென்று இரண்டு விடயம் உண்டு. ஒன்று தண்ணீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது, கடினம் கூடியது. வண்டியைக் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் படலம் பிடிக்கும். எம்-இன் வெள்ளி நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது, கறுப்பு நீலத்தில் நன்றாகத் தெரியும். நிழலில் கழுவி உடனே துடைத்துவிட்டால் போதும். ஆனால் ஆர்15 தண்ணீரால் குளிரும் எஞ்சின், அதன் ரேடியேட்டருக்குள் கிணற்று நீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு குழாய்க்குள் படிந்து ஓட்டத்தை அடைக்கும், பிறகு விசிறி ஓயாமல் ஓடும், எஞ்சின் சூடேறும். கலந்து விற்கும் கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். அவசரத்துக்கு என்றால் பற்றரிக்கு விடும் வடித்த நீர். மற்றது உப்பு. பண்ணை வழியாகத் தீவுப்பகுதிக்குப் போய்வந்த நாளில் முன் போர்க்கின் பளபளக்கும் பகுதியை மென்மையான ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தலைகீழ் போர்க்கில் அந்தப் பகுதி சில்லுக்குப் பக்கத்தில் கீழே இருப்பதால் மணலும் உப்பும் நேரே அதில்தான் அடிக்கும். சின்னத் துருப்புள்ளி ஒன்று போதும், ஓயில் சீலை அறுத்துவிடும். போர்க்கிலிருந்து ஓயில் கசிந்து பிறேக் பாட்டில் விழுந்தால் பாட்டும் போய்விட்டது. செயினுக்கும் அப்படியே, மாரியில் கிழமைக்கு ஒரு தடவை துடைத்து லூப் அடிக்க வேண்டும்.

விலை கூடிய பதிப்பு எப்போதுமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் ட்ரிப்பிளில் 2023இன் ஆர் 120 குதிரைவலு, ஆர்எஸ் 130 குதிரைவலு, பின் சொக்கும் பிறேக்கும் வேறு. டுகாட்டி பனிகாலே வி4இன் எஸ் பதிப்பில் ஓலின்ஸ் மின்னணு சஸ்பென்ஷனும் அடித்துச் செய்த இலேசான றிம்மும் வரும். டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310இல் கூடுதல் காசுக்குக் கொடுக்கும் டைனமிக் கிட்டில் முன்னும் பின்னும் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷனோடு துருப்பிடிக்காத பித்தளைப் பூச்சுச் செயினும் உண்டு. அந்தச் செயின் ஒன்றுக்காகவே நம்முடைய கரையோரத்தில் அதைக் கவனிக்கலாம். ஆனால் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷன் சரிசெய்தால்தான் பயன். முன் போர்க்கில் ஒரு பிளாஸ்ரிக் கட்டுப்பட்டியைக் கட்டி, சில்லை நிலத்திலிருந்து தூக்கிய நிலையிலும் நீங்கள் வழக்கமான உடையோடு ஏறி இருந்த நிலையிலும் அளந்து பாருங்கள். மொத்த ஓட்டத்தில் நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குள் இறங்க வேண்டும், 120 மி.மீ. ஓடும் போர்க்கில் அது 30 முதல் 40 மி.மீ. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் திருகினால் ஸ்பிரிங் கடினமாகும் என்பது பரவலான பிழை. இருக்கும் உயரம்தான் மாறும்.

உங்கள் விடயத்தில் எனக்கு உண்மையாகவே தயக்கம் தருவது எந்தப் பதிப்பு என்பதைவிடப் பின் சீற்தான், தம்பி. ஆர்15இன் முன் சீற் 815 மி.மீ. உயரம், பின் சீற் அதைவிட உயர்ந்து ஒடுங்கியது, பிடிக்கவும் ஒழுங்கான பிடி கிடையாது. மனைவி சேலையோடு ஏறுவார் என்றால் கோண்டாவிலிலிருந்து நல்லூர் போகலாம், ஊர்காவற்றுறை வரை போவது சிரமம். சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும்போது பின்னால் உயரத்தில் இருப்பவருக்குத்தான் பயம் கூட. முன்பணம் கட்ட முன்னர் சோரூமில் அவரை ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரே சீற் வேண்டுமென்றால் 2021 இறுதியில் இந்தியாவில் விட்ட ஆர்15எஸ் இருக்கிறது, மூன்றாம் பதிப்பின் அதே 155 எஞ்சின், ஒரு துண்டு சீற், விலையும் குறைவு. கிடைத்தால் அதையும் பாருங்கள்.

எல்லாம் பார்த்து இந்திய வண்டிதான் என்று முடிவானால், குயிக் ஷிஃப்டர் வேண்டுமென்றால் ரேசிங் புளூ, வேண்டாமென்றால் எந்த நிறம் மலிவோ அது. பாவித்த எம் ஒன்று நல்ல விலைக்கு வந்தால், சாதாரண வண்டிக்கு எம் நிறம் அடித்து விற்பது நடக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நிறம் வண்டியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா, கியர் மிதித் தண்டில் வயரோடு சுவிட்ச் இருக்கிறதா, ராங்கியைத் தூக்கினால் அதன் கீழ்ப்புறத்தில் வேறு நிறம் தெரிகிறதா என்று மூன்றையும் பாருங்கள். ஒன்றாவது ஒத்துவரவில்லை என்றால் சாதாரணத்தின் விலையையே சொல்லுங்கள்.